‘ஹட்டன் பகுதியில் சிறுத்தை’ என்றால் எந்த மலையில்?

ஆசிரியர் அவர்களுக்கு,

தோட்டப்புறங்களில் சிறுத்தையைக் கண்டதாகவும், சுருக்குக் கம்பியில் சிக்கிய சிறுத்தை மீட்கப்பட்டதாகவும் தமிழ்ப் பத்திரிகைகளில் அடிக்கடி செய்தி வருகிறது. பெரும்பாலும் ‘ஹட்டன் பகுதியில்’, ‘மஸ்கெலியா பிரதேசத்தில்’ என்பதோடு இடம் முடிந்துவிடும். ஹட்டன் பகுதி என்பது ஒரு பக்கம் வட்டவளை வரைக்கும் மறுபக்கம் நோர்வூட், பொகவந்தலாவை வரைக்கும் நீள்கிறது. எந்தத் தோட்டம், அதன் உட்பிரிவான எந்த டிவிசன், எத்தனையாம் இலக்க மலை என்பது தெரியாவிட்டால் அந்தச் செய்தியை ஒரு வரைபடத்தில் வைக்க முடியாது. வரைபடத்தில் வைக்க முடியாத செய்தியைக் கொண்டு எந்த வேலிக்கரையில் கம்பி தேட வேண்டும், எந்த ஓடைக்கரைப் பத்தையைக் காப்பாற்ற வேண்டும் என்று ஒருவராலும் முடிவெடுக்க முடியாது.

2020 மே மாதம் நல்லதண்ணியாப் பக்கம் ஒரு தோட்டத்தில் கம்பியில் சிக்கிய கருஞ்சிறுத்தை மீட்கப்பட்டும் சில நாட்களில் இறந்துபோனது. அதற்குப் பிறகு எத்தனையோ தோட்டப் பிள்ளைகள் கைத்தொலைபேசியில் இடம் குறித்து, படம் எடுத்து, விலங்குகளைப் பதியத் தொடங்கியிருக்கிறார்கள். மனதார வரவேற்க வேண்டிய வேலை. ஆனால் புள்ளி வைப்பது முதற்படிதான். அந்தப் புள்ளிகளை ஒரு முடிவுக்கு உதவும் வரைபடமாக்க நடுவில் ஒரு படி இருக்கிறது. அதைத் தமிழில் சொல்லிக் கொடுப்பவர்கள் அரிது. அந்த நடுப்படியில் எங்கெங்கே கால் இடறுகிறது என்பதை விரிவாகவே எழுதுகிறோம்.

முதலில் களத்தில். வானம் திறந்த இடத்தில் கைத்தொலைபேசி ஐந்து மீற்றருக்குள் இடத்தைச் சொல்லும். டர்பன்டைன் மரங்களுக்கடியிலும் பாறைச்சுவர் ஓரத்து ஓடையிலும் செய்மதிச் சமிக்ஞை பாறையில் பட்டுத் தெறித்து வருவதால் முப்பது, நாற்பது மீற்றர் தவறுவது சாதாரணம். இரண்டு நிமிடம் அசையாமல் நின்று, எத்தனை மீற்றர் தவறலாம் என்று கைத்தொலைபேசி காட்டும் துல்லிய எண் பத்துக்குக் கீழே இறங்கிய பிறகு குறிக்க வேண்டும். இறங்காவிட்டால் பரவாயில்லை, நாற்பது என்றால் நாற்பது என்றே தனி நிரலில் எழுதி வையுங்கள். பிழையின் அளவு தெரிந்த பதிவு பயன்படும். தெரியாத பதிவைத்தான் என்ன செய்வதென்று விளங்காது. சிக்னல் இல்லாத மலையிலும் ஜி.பி.எஸ். வேலை செய்யும், முதல் தடவை இடம் பிடிக்க மட்டும் கூடுதல் நேரம் எடுக்கும். ஆகவே லயத்தை விட்டுப் புறப்படும் முன்பே அதைப் போட்டுக்கொள்வது நல்லது.

அடுத்தது, பார்த்தவர் நின்ற இடமும் விலங்கு நின்ற இடமும் ஒன்றல்ல என்பது. எதிர்மலைப் பாறையில் சிறுத்தை படுத்திருக்கும். புள்ளியோ இந்தப் பக்கத்துத் தார் ரோட்டில் விழும். இப்படி நூறு பதிவு சேர்ந்தால் வரைபடம் ‘சிறுத்தை ரோட்டோரம் வாழும் விலங்கு’ என்று சொல்லும். கைத்தொலைபேசியின் திசைகாட்டியில் பாகையையும், குத்துமதிப்பாகத் தூரத்தையும் சேர்த்துக் குறித்தால் கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் அந்தத் திசையில் அத்தனை மீற்றர் தள்ளிப் புள்ளியை வைக்கலாம். அதற்கான கருவி அதிலேயே இருக்கிறது.

படம் எடுத்தால் அதற்குள் இடமும் நேரமும் பதிந்திருக்கும். ஆனால் வட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் அந்த இடத் தகவல் கழன்றுவிடும். ‘டொக்கியுமென்ட்’ ஆக அனுப்பினால் நிற்கும். தோட்டத்துக்குத் தோட்டம் குழு அமைத்துப் படம் சேர்ப்பவர்கள் இந்த ஒன்றை மட்டும் மாற்றிக்கொண்டாலே பாதி வேலை மிச்சம். காலடித் தடத்தைப் படம் எடுக்கும்போது பக்கத்தில் ஓர் அடிமட்டத்தை வையுங்கள். நாயின் தடத்தில் நகம் பதியும், சிறுத்தையின் தடத்தில் பதியாது. சிறுத்தையின் உள்ளங்கால் மெத்தையின் பின்விளிம்பு மூன்று மடிப்பாகத் தெரியும். நேர்மேலிருந்து எடுத்த படத்தில்தான் இதைச் சரிபார்க்க முடியும்.

இனி கணினி. பாகை, கலை, விகலையில் உள்ளதைத் தசமத்தில் எழுதும்போது நேரும் பிழையைப் போல் வேறொன்று இல்லை. 6 பாகை 58 கலை 30 விகலை என்பதை 6.5830 என்று தட்டிவிடுகிறார்கள். சரியான எண் 6.975. கலையை 60ஆலும் விகலையை 3600ஆலும் வகுத்துக் கூட்ட வேண்டும். நெடுங்கோட்டிலும் இதே பிழையைச் செய்து 80 பாகை 46 கலை 12 விகலையை 80.4612 என்று போட்டால், நுவரெலியாவில் கண்ட மரை ஐம்பது கிலோமீற்றருக்கு மேல் தள்ளி இரத்தினபுரி மாவட்டத்தில் போய் நிற்கும். அகலக்கோட்டையும் நெடுங்கோட்டையும் மாறிப் போட்டால் புள்ளி வடதுருவக் கடலில் விழும். அது உடனே கண்ணில் படும் பிழை, பயமில்லை. இரத்தினபுரியில் விழுவதுதான் ஆபத்து, அங்கேயும் மரை உண்டு, யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். தசமத்துக்குப் பின் ஐந்து இலக்கம் போதும், ஐந்தாம் இலக்கமே ஏறத்தாழ ஒரு மீற்றர். இரண்டோடு நிறுத்தினால் ஒரு கிலோமீற்றருக்குக் கிட்டத்தட்டத் தெரியாமல் போகும்.

தமிழில் பதிபவர்களுக்கென்றே சில சங்கடங்கள் இருக்கின்றன, அவற்றை ஆங்கிலப் பாடங்கள் சொல்வதில்லை. பாமினி எழுத்துருவில் தட்டிய அட்டவணை வேறு கணினியில் திறந்தால் குப்பையாகத் தெரியும், யுனிகோட்டில் மட்டுமே தட்ட வேண்டும். எக்செலில் சேமிக்கும்போது வெறும் சி.எஸ்.வி. என்று கொடுத்தால் தமிழ் எழுத்தெல்லாம் கேள்விக்குறியாகலாம், ‘சி.எஸ்.வி. யு.டி.எஃப்.-8’ என்று இருப்பதைத் தெரிவு செய்யுங்கள். வரைபடத் தரவைச் சேமிக்க எல்லாரும் பழக்கத்தில் பாவிக்கும் ஷேப்ஃபைல் என்ற கோப்பு வடிவத்தில் நிரலின் பெயருக்குப் பத்து பைட்தான் இடம். தமிழ் எழுத்துக் குறி ஒவ்வொன்றும் மூன்று பைட் பிடிப்பதால் ‘தோட்டம்’ என்ற தலைப்பு மூன்றே குறியோடு வெட்டுப்பட்டு ‘தோட’ என்று நிற்கும். ஜியோபக்கேஜ் வடிவத்தில் இந்தத் தொல்லை இல்லை. புள்ளி, பாதை, எல்லை என்று வரைபடத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக வைக்கும் எல்லா அடுக்கும் ஒரே கோப்பில் அடங்கும் என்பதும் வசதி.

தோட்டத்துக்குப் பதிவேட்டில் ஓர் ஆங்கிலப் பெயரும் சனங்கள் வாயில் ஒரு தமிழ்ப் பெயரும் இருப்பது மலையகத்தில் எல்லாருக்கும் தெரிந்ததே. இரண்டுக்கும் இரண்டு நிரல் வையுங்கள். ஒன்றை மட்டும் எழுதினால் ஒரே இடம் இரண்டு தோட்டமாகக் கணக்கில் வரும்.

அடுத்தது எறியம், அதாவது உருண்டைப் பூமியின் இடங்களைத் தட்டையான வரைபடத்தில் வைக்கும் கணக்கு முறை. இங்கேதான் பலர் கைவிட்டுவிடுகிறார்கள், கைவிட வேண்டிய அளவுக்குக் கடினமில்லை. கைத்தொலைபேசி தருவது பாகைக் கணக்கு, அதன் குறியீட்டு எண் 4326. தூரம், பரப்பு அளக்க மீற்றர்க் கணக்கு வேண்டும். இலங்கைக்கென்று நில அளவைத் திணைக்களம் பாவிக்கும் கட்டத்தின் எண் 5235. அந்தக் கட்டத்தின் மையம் நம் பீதுருதாலகால மலையுச்சியில்தான் இருக்கிறது, அங்கே கிழக்குத் தூரமும் வடக்குத் தூரமும் 500000, 500000. பழைய கட்டத்தின் எண் 5234. அதே உச்சிக்கு அதில் 200000, 200000. பழைய வரைபடத் தாளில் வாசித்த எண்ணைப் புதிய கட்டத்தில் போட்டால் புள்ளி மூன்று நூறு கிலோமீற்றர் மேற்கும் மூன்று நூறு கிலோமீற்றர் தெற்கும் நகர்ந்து இந்து சமுத்திரத்தில் விழும். எண்கள் இரண்டு இலட்சத்தைச் சுற்றியா ஐந்து இலட்சத்தைச் சுற்றியா என்று பார்த்தாலே மலையகத்தில் எந்தக் கட்டம் என்று சொல்லிவிடலாம்.

பாகைக் கணக்கில் உள்ள அடுக்கைச் சுற்றி 500 மீற்றர் வட்டம் போட எண்ணி 500 என்று கொடுத்தால், மென்பொருள் அதை 500 பாகை என்று எடுத்துக்கொள்ளும். உலகமே மூடுண்டு போகும். இதைச் சரிசெய்யப் போய் பெரும்பாலானவர்கள் செய்வது இரண்டாவது பிழை. அடுக்கின் பெயரில் வலது பொத்தானை அழுத்தி, எறியத்தை 5235 என்று மாற்றிவிடுகிறார்கள். அப்படிச் செய்தால் எண்கள் மாறுவதில்லை, சிட்டை மட்டும் மாறுகிறது. கிலோவில் நிறுத்த கொழுந்துக் கூடையில் ‘இறாத்தல்’ என்று சிட்டை ஒட்டியது போல. செய்ய வேண்டியது ‘ரீப்ரொஜெக்ட் லேயர்’ என்ற கட்டளை. அது ஒவ்வொரு புள்ளியையும் கணக்கிட்டுப் புதிய அடுக்காகத் தரும். சரிவு கணக்கிடும்போதும் இதே கதை. உயரத் தரவு மீற்றரில், தரை பாகையில் என்று இருந்தால், மலைநாடு முழுக்கத் தொண்ணூறு பாகைச் செங்குத்துச் சுவராகத் தெரியும். முதலில் மீற்றருக்கு மாற்றிவிட்டுச் சரிவைக் கேளுங்கள்.

தோட்டத்து மலைகளின் இலக்கம் காட்டும் பழைய கடதாசிப் படம் பல தோட்ட அலுவலகங்களில் சுவரில் தொங்குகிறது. அதைக் கணினிக்குள் பொருத்திக்கொள்வது இந்தப் படியின் மிகப் பயனுள்ள கைவேலை, ஏனென்றால் மக்கள் பேசும் இடப்பெயர் அந்த இலக்கம்தான். ‘ஏழாம் நம்பர் மலைக் கானோரம்’ என்று ஒரு கொழுந்தெடுக்கும் அம்மா சொன்னால் அது எங்கே என்று உடனே தொட்டுக் காட்ட முடிய வேண்டும். தொழிற்சாலை மூலை, பாலம், ரோட்டுச் சந்தி, நீர்த்தேக்க அணைக்கட்டின் முனை போன்ற அசையாத இடங்களாகப் பத்துப் பன்னிரண்டு எடுத்து, படத்தின் நான்கு மூலைக்கும் பரப்பி வையுங்கள். மரமும் ஓடை வளைவும் வேண்டாம், அவை மாறிப்போயிருக்கும். மூன்றே புள்ளி வைத்துப் பொருத்தினால் பிழை பூச்சியம் என்று கணினி காட்டும். அதைக் கண்டு மகிழ்ந்துவிடக் கூடாது. எளிய பொருத்தலுக்கு மூன்று புள்ளி சரியாகத் தேவைப்படுவதால் சரிபார்க்க எதுவும் மிஞ்சவில்லை என்பதுதான் அந்தப் பூச்சியத்தின் அர்த்தம். மடித்து மடித்து இழுபட்ட கடதாசிக்கு வளைந்து கொடுக்கும் ‘தின் பிளேட் ஸ்ப்லைன்’ முறை ஏற்றது. கூகுள் செய்மதிப் படத்தை மட்டும் நம்பிப் பொருத்த வேண்டாம். செங்குத்துச் சரிவில் அந்தப் படமே சில மீற்றர் நகர்ந்திருக்கும். இரண்டு மூன்று இடத்துக்காவது நேரில் போய் ஜி.பி.எஸ். எடுத்து ஒப்பிடுங்கள்.

வரைபடம் தட்டையானது, மலை தட்டையில்லை. முப்பது பாகைச் சரிவில் படத்தில் நூறு மீற்றர் என்பது காலுக்கு நூற்றுப் பதினைந்து. கம்பி தேடி நடக்க எத்தனை பேர், எத்தனை மணித்தியாலம் என்று திட்டமிடும்போது இதைச் சேர்க்காவிட்டால் பாதி மலையில் பொழுது சாய்ந்துவிடும்.

காட்டுப் பத்தைகளை வரைய ஐரோப்பியச் செய்மதியான சென்டினல்-2இன் படம் இலவசம். பத்து மீற்றர்த் துல்லியம், ஐந்து நாளுக்கொரு தடவை. மேற்குச் சரிவுகளுக்கு ஜனவரி முதல் மார்ச் வரையான படங்களில் முகில் குறைவு. ஆனால் படத்தில் தாவரப் பசுமையை அளக்கும் பச்சைச் சுட்டெண்ணை மட்டும் கணக்கிட்டுக் காடு இது, தேயிலை அது என்று பிரிக்கப் போகாதீர்கள். அடர்ந்த தேயிலையும் காடும் ஒரே பச்சையாகத் தெரியும். அதற்கு நேர்மாறாக, கவ்வாத்து வெட்டிய மலை சில மாதங்களுக்கு வெறும் மண்ணாகத் தெரியும். தோட்டத்தை அறியாத ஒருவர் அதைக் காடழிப்பு என்று சிவப்பில் தீட்டிவிடுவார். எந்த மலை எப்போது கவ்வாத்து என்று தோட்டத்தில் வேலை செய்பவர்களுக்கே தெரியும். இந்த வரைபடத்தை அவர்கள் இல்லாமல் செய்ய முடியாது என்று நாங்கள் உறுதியாகச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

இவ்வளவும் செய்த பிறகும் வரைபடம் பொய் சொல்லலாம். எல்லாவற்றிலும் முக்கியமானது இதுதான். லயங்களுக்கும் ரோட்டுக்கும் அருகே புள்ளிகள் குவிந்து கிடக்கும். அங்கே மனிதர்கள் இருக்கிறார்கள், பார்க்கிறார்கள், பதிகிறார்கள், அவ்வளவுதான். அதைச் சிவப்பாகப் பூசி ‘ஹீட்மெப்’ என்று வெளியிட்டால், சிறுத்தை லயத்தைத் தேடி வருகிறது என்ற பயம் கிளம்பும். பயம் கிளம்பினால் கம்பி கூடும். ஆகவே எங்கே கண்டோம் என்பதோடு எங்கே தேடினோம் என்பதும் பதியப்பட வேண்டும். நடந்த பாதையைக் கைத்தொலைபேசி கோடாகப் பதிந்து வைக்கும். மலைநாட்டை ஒரு கிலோமீற்றர்க் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் நடந்த மொத்த நீளத்தையும் பதிவுகளின் எண்ணிக்கையையும் கியூஜிஐஎஸ்ஸில் எண்ணலாம். ஒரு டிவிசனில் நாற்பது கிலோமீற்றர் நடந்து பதினான்கு தடம் கண்டார்கள், இன்னொன்றில் நான்கு கிலோமீற்றர் நடந்து மூன்று தடம் கண்டார்கள் என்று வையுங்கள். புள்ளியை எண்ணினால் முதலாவதுதான் சிறுத்தை மலை. நடந்த தூரத்துக்கு வகுத்தால் இரண்டாவதில் இரு மடங்குக்கு மேல். நடந்தும் காணாத கட்டத்துக்கு வெள்ளை, நடக்கவே இல்லாத கட்டத்துக்குச் சாம்பல். இந்த இரண்டு நிறத்தையும் பிரித்துக் காட்டாத எந்த வரைபடத்தையும் அதிகாரிகளின் மேசையில் வைக்கக் கூடாது என்பது எங்கள் கருத்து.

கம்பிகளுக்கும் இதே முறைதான். மோட்டார் சைக்கிள் கிளட்ச் கம்பியில் செய்த சுருக்குகள் பெரும்பாலும் காட்டுப்பன்றிக்காக வைக்கப்படுபவை. மரக்கறித் தோட்டத்து வேலி இடைவெளி, தேயிலைக் கான், ஓடைக்கரை ஒற்றையடிப் பாதை என்று விலங்கு ஒடுங்கி நுழையும் இடங்களில் இருக்கும். கழற்றிய ஒவ்வொன்றுக்கும் இடம், திகதி, கம்பியின் வகை, பக்கத்துப் பயிர் ஆகியவற்றைக் குறித்தால், மரக்கறிப் பாத்தியிலிருந்தும் காட்டு விளிம்பிலிருந்தும் எத்தனை மீற்றருக்குள் அவை வருகின்றன என்று அளக்கலாம். அடுத்த தடவை முழு மலையையும் அளக்காமல் அந்தப் பட்டையை மட்டும் தேடினால் போதும். பன்றி இறங்கும் பாத்திகளின் வேலியைப் பலப்படுத்த உதவி கேட்கவும் அதே படம் உதவும். பயிரை இழந்தவரைக் குற்றவாளியாக மட்டும் பார்ப்பதால் கம்பி குறையாது. விலங்கு சிக்கிய நிலையில் கண்டால் கிட்டப் போக வேண்டாம், கூட்டம் கூட விட வேண்டாம். சத்தத்துக்கு அது துள்ளத் துள்ளக் கம்பி இறுகும். வனஜீவராசிகள் திணைக்களத்தின் 1992 இலக்கத்துக்கு அழைத்து, குறித்த இடத்தை எண்ணாகவே வாசித்துச் சொல்லுங்கள்.

இதையெல்லாம் கற்கப் பெரிய செலவில்லை. கியூஜிஐஎஸ் இலவசம். எட்டு கிகாபைட் நினைவகமுள்ள சாதாரண மடிக்கணினி போதும். கியூஃபீல்ட் செயலியில் அதே வரைபடத்தைக் கைத்தொலைபேசியில் ஏற்றி, சிக்னல் இல்லாத மலையிலும் பதியலாம். வாரத்துக்கு மூன்று மணித்தியாலம் வீதம் இரண்டு மாதம் ஒதுக்கினால் மேலே சொன்ன அத்தனையும் கைக்கு வரும். உயர்தரப் புவியியல் மாணவர்கள் 1:50,000 இடவிளக்கப்படத்தில் சமவுயரக்கோடு வாசித்துப் பழகியவர்கள். அவர்களுக்கு அடித்தளம் ஏற்கெனவே இருக்கிறது. மலையகப் பாடசாலைகளின் கணினி அறைகளில் சனிக்கிழமைகளில் இந்த வகுப்பைத் தமிழில் நடத்த கல்வி அதிகாரிகள் இடம் தர வேண்டும். தோட்ட நிர்வாகங்கள் மலை இலக்கப் படத்தின் ஒரு பிரதியையாவது அவர்களுக்குக் கொடுக்க வேண்டும். சிவனொளிபாத மலைக் காடு, ஹோர்ட்டன் சமவெளி, நக்கில்ஸ் மூன்றும் 2010இல் உலக மரபுரிமையாகின. அவற்றுக்கிடையில் தோட்டங்களுக்குள் சிதறிக் கிடக்கும் ஓடைக்கரைக் காடுகளையும் உச்சிப் பத்தைகளையும் அளந்து பதிய அங்கேயே வாழ்பவர்களை விடத் தகுந்தவர் யார்?

கடைசியாகத் தங்களிடம் ஒரு வேண்டுகோள். சிறுத்தைச் செய்தி வெளியிடும்போது திகதி, நேரம், தோட்டம், டிவிசன், கண்டது விலங்கையா தடத்தையா இறந்த உடலையா என்ற ஐந்தையும் நிருபர்கள் கேட்டு எழுதினால், பழைய பத்திரிகைகளே ஒரு பதிவேடாகிவிடும். குட்டிகள் உள்ள குகையென்றால் டிவிசனையும் போட வேண்டாம். மற்ற அரிய விலங்குகளுக்கும் இதே கவனம் வேண்டும், காண்டாமிருகக் கொம்பு ஓணான் போன்றவற்றைப் பிடித்து வெளிநாட்டுக்கு விற்பவர்கள் இருக்கிறார்கள். பொதுமக்கள் உயிரினப் பதிவுகளைச் சேர்க்கும் ஐநேச்சுரலிஸ்ட் இணையத்தளம் அருகிவரும் இனங்களின் இடத்தைச் சுமார் இருபது கிலோமீற்றர்க் கட்டத்துக்குள் தானே மறைத்துவிடுகிறது. ஆனால் படத்தின் பின்னணியில் தெரியும் கோவில் கோபுரமோ, படத்துக்குக் கீழே எழுதிய ஊர்ப்பெயரோ அந்த மறைப்பைக் கிழித்துவிடும். அத்தகைய படம் தங்களுக்கு வந்தால் ‘நுவரெலியா மாவட்டம்’ என்பதோடு நிறுத்தி, சரியான இடத்தை வனஜீவராசிகள் திணைக்களத்துக்கு மட்டும் தெரிவிக்கும்படி கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
வனவிலங்குப் பதிவிலும் வரைபடப் பயிற்சியிலும் ஈடுபட்டுள்ள வாசகர்கள்,
நுவரெலியா மாவட்டம்.